சொந்தக் கம்பெனி நடத்துபவருக்கு ஓய்வூதியம் உண்டா?

“காஞ்சிபுரம் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆலை நடத்துகிறோம். கடலையும் எள்ளும் எங்கள் நிலத்திலும் அக்கம்பக்கத்திலும் விளைந்தவை. 5 ஆண்டுகளுக்கு முன் ஆலையை பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றினோம். நானும் (வயது 43) என் மனைவியும் (35) இயக்குநர்கள். 6 பேர் வேலை செய்கிறார்கள். என் அப்பா பட்டு நெசவாளர். கூட்டுறவு சங்கத்தில் கூலியிலிருந்து பிடித்து வைத்த பணம்தான் கடைசிக் காலத்தில் அவருக்கு உதவியது. எனக்கு அப்படிப் பிடித்து வைக்க யாரும் இல்லை. கம்பெனியே எனக்கு ஓய்வூதியப் பணம் கட்ட முடியுமா?”

– வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்.

முடியும். ஆனால், நீங்கள் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதால் கேட்கிறேன். பல குடும்பக் கம்பெனிகளில் பிள்ளைகளின் ஃபீஸ், வீட்டுச் செலவு, கல்யாண மொய் எல்லாமே கல்லாவிலிருந்துதான் போகும். ஆண்டுக் கடைசியில் ஆடிட்டர் அதை இயக்குநர் பெயரில் கடனாக எழுதிவிடுவார். 10 சதவிகிதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவருக்கு இப்படிக் கடன் போனால், கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அதை டிவிடெண்டாகக் கருதி வரி போட வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. ஓய்வூதியத்துக்கும் இது உதவாது. கம்பெனியின் பங்கைக் கணக்கிடுவதே சம்பளத்தை வைத்துத்தான்.

‘என் கம்பெனியில் நானே எப்படி வேலைக்காரன் ஆவேன்?’ என்று தோன்றலாம். நியூசிலாந்தில் லீ என்ற விமானி, வயல்களுக்கு விமானத்தில் உரம் தூவ ஒரு கம்பெனி தொடங்கினார். 3,000 பங்குகளில் 2,999 அவருடையவை. இயக்குநரும் அவரே, சம்பள விமானியும் அவரே. 1956-ல் உரம் தூவும்போது விமானம் விழுந்து இறந்துபோனார். தொழிலாளிக்குரிய இழப்பீட்டை அவர் மனைவி கேட்க, உள்ளூர் நீதிமன்றம் மறுத்தது. 1960-ல் லண்டன் பிரிவி கவுன்சில், ‘கம்பெனி வேறு, லீ வேறு, அவர் அதன் ஊழியரே’ என்று தீர்ப்பளித்தது. நம் உச்ச நீதிமன்றமும் 1997-ல் ஓர் இ.எஸ்.ஐ. வழக்கில், ஊதியம் பெறும் நிர்வாக இயக்குநரை ஊழியராகவே ஏற்றது. பார்ட்னர்ஷிப் நிறுவனத்தின் பங்குதாரருக்கு இந்த வசதி கிடையாது. நீங்கள் கம்பெனியாக மாற்றியதில் கிடைத்த லாபங்களில் இதுவும் ஒன்று.

ஆகவே, போர்டு கூட்டத்தில் உங்கள் வேலை, சம்பளம் இரண்டையும் தீர்மானமாக எழுதுங்கள். சம்பளம் மாதாமாதம் வங்கி வழியாக வரட்டும். பிறகு தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் (என்.பி.எஸ்.) கம்பெனியை முதலாளியாகப் பதிவு செய்யலாம். புதிய வரி முறையில் அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை கம்பெனி கட்டும் தொகை உங்கள் வருமானத்தில் கழியும். கம்பெனிக்கும் அது செலவுக் கணக்கு. சம்பளம் 30,000 ரூபாய் என்றால் மாதம் 4,200, ஆண்டுக்கு 50,400 ரூபாய். கம்பெனி லாபத்துக்கு 25 சதவிகிதமும் செஸ்ஸும் வரி என்றால், ஏறக்குறைய 13,000 ரூபாய் மிச்சம்.

உங்கள் சொந்த வரியில் இதனால் எதுவும் மிச்சமாகாது. 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12.75 லட்சம் ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு வரியே இல்லை. ‘கையிலிருந்து கட்டினால் கூடுதலாக 50,000 ரூபாய் கழிவு’ என்று ஏஜென்ட்கள் சொல்வது பழைய முறைக்குத்தான்.

பி.எஃப். 20 பேருக்குக் குறைவான இடத்தில் கட்டாயமில்லை. விரும்பிச் சேரலாம். ஆனால், உங்களுக்கு மட்டும் கட்டிக்கொள்ள முடியாது. செக்கு ஓட்டும் ஆட்களுக்கும் சேர்த்துத்தான். (அவர்களுக்கும் 60 வயது வரும்தானே?) 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாகச் சேர்பவரின் சம்பளம் 15,000 ரூபாயைத் தாண்டினால் அதில் ஓய்வூதியம் இல்லை, வைப்பு நிதி மட்டுமே. 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்து 58 வயது வரை 15 ஆண்டுகள் கட்டினால், 15,000-ஐ 15-ஆல் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். மாதம் 3,214 ரூபாய். இதை நம்பி ஓய்வெடுக்க முடியாது.

உங்கள் மனைவிக்கு இன்னும் 5 ஆண்டுகள் கையில் இருக்கின்றன. வருமான வரி கட்டாதவர் என்றால், 40 வயதுக்குள் அடல் பென்ஷன் யோஜனாவில் சேரலாம். 35 வயதில் மாதம் 902 ரூபாய் கட்டினால் 60-க்குப் பிறகு மாதம் 5,000 ரூபாய். அவருக்குப் பின் உங்களுக்கும் அதே தொகை. 40-ல் தொடங்கினால் மாதம் 1,454 ரூபாய் ஆகிவிடும். வங்கியில் விசாரிப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இவ்வளவும் இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றுவதுதானே என்றால், ஆமாம். ஆனால், ஆலையில் கிடக்கும் பணம் ஆலையின் கடனுக்கும் பொறுப்பு. கம்பெனிக் கடனுக்கு நீங்கள் இருவரும் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். எண்ணெய் விலை சரிந்து தவணை நின்றால், வங்கி வீட்டுக்கே வரும். பி.எஃப்., பி.பி.எஃப். இரண்டையும் கடன்காரருக்காக நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது. அதனால் என்.பி.எஸ்ஸோடு நிறுத்தாமல், இருவர் பெயரிலும் தனித்தனியே பி.பி.எஃப். கணக்கு தொடங்கச் சொல்வேன். ஒருவர் ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை போடலாம். 15 ஆண்டுகளில் முதிரும். உங்கள் வயதுக்குச் சரியாக இருக்கும்.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளில் இயக்குநராக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே முழுநேரச் சம்பளம் தலைமைச் செயல் அலுவலருக்கு. அவரும் உறுப்பினராக இருக்கக் கூடாது. இயக்குநருக்கு, பொதுக்குழு முடிவு செய்யும் கூட்டப்படி உண்டு. அதை வைத்து ஓய்வூதியப் பங்கு கட்ட முடியாது. 40 வயதுக்குள், 2 ஹெக்டேருக்குள் நிலம் உள்ளவர்கள் பிரதம மந்திரி கிசான் மான்தன் திட்டத்தைப் பார்க்கலாம். வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் கட்டினால், அரசும் அதே அளவு போடும். 60-க்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய். வருமான வரி கட்டுபவருக்கும், ஏற்கெனவே பி.எஃப்., என்.பி.எஸ்ஸில் இருப்பவருக்கும் இடமில்லை.

கம்பெனியின் பங்கு மார்ச் 31-க்குள் உங்கள் என்.பி.எஸ். கணக்கில் ஏறிவிட வேண்டும். தீர்மான நகலை இப்போதே ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். கல்லாவிலிருந்து இதுவரை எடுத்த பணத்தை எப்படிச் சரிக்கட்டுவது என்பதையும் அப்போதே அவரிடம் கேளுங்கள்.