பார்த்ததை எழுதுங்கள், கேட்டதைக் கேட்டதாகவே எழுதுங்கள்!



'எனக்கும் கட்டுரை எழுத ஆசைதான். ஆனா நான் எழுதினா யாரு படிப்பாங்க?' என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வருகின்றன. படிக்க வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. படிக்கிறவர்கள் நம்மை நம்ப வேண்டும், அதுதான் முக்கியம்.

'இன்றைய நாகரிக உலகிலே...' என்று ஒரு கட்டுரை ஆரம்பித்தால், அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்து நாம் எழுந்து போய்விடுகிறோம். அதே சகோதரி, 'ரேஷன் கடை வாசலில் ரெண்டு மணி நேரம் நின்றேன். என் முறை வந்தபோது பாமாயில் தீர்ந்துவிட்டது' என்று தொடங்கினால்? பால் பொங்கினாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்து படிப்போம் இல்லையா?

சமையல் குறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஜவ்வரிசி தேவையான அளவு' என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? 'முதல் தடவை கூழ் நீர்த்துப்போய், வடாம் துணியோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த தடவை தண்ணீரைக் குறைத்தேன்' என்று எழுதிப் பாருங்கள். 'இவங்க நிஜமாவே செஞ்சு பார்த்திருக்காங்க' என்ற நம்பிக்கை தானே வந்துவிடும். தோற்றதைச் சொல்வதில் வெட்கம் எதற்கு?

வடாம் வீணானால் போகட்டும் என்று விடலாம். எல்லா விஷயத்திலும் அப்படி விட முடியாது. 'பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கலாம்' என்று கைவைத்தியக் குறிப்பு எழுதுகிறவர்கள் உண்டு. பாட்டி காலத்து வழக்கம்தான். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். தேனில் சில சமயம் இருக்கும் ஒருவகைக் கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் பெருகி நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து, மூச்சு விடவே சிரமமாகலாம். இந்தக் குறிப்பை அச்சில் பார்த்து, எங்கோ ஓர் இளம் தாய் அப்படியே செய்துவிட்டால்? அதனால் வீட்டு வழக்கத்தை வழக்கம் என்றே எழுதுங்கள். டாக்டர் சொன்னதைத் தனியாக எழுதுங்கள். பக்கத்து வீட்டில் கேட்டதை, நீங்களே அனுபவித்ததுபோல எழுதாதீர்கள்.

'நாங்க காலேஜ் பக்கமே போகலையே' என்று தயங்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணனும் கல்லூரிக்குப் போனவரல்ல. சிறு வயதிலேயே கல்யாணமாகிக் குடும்பம் நடத்தியவர்தான். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதுவதற்கு முன், அங்கேயே போய் அவர்களோடு பழகி, அவர்கள் பாட்டை நேரில் பார்த்தார். 1973-ல் 'வேருக்கு நீர்' நாவலுக்காகச் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். நமக்கு உப்பளம் வரைக்கும் போக முடியாவிட்டால் என்ன? நம் தெருக் குழாயடியும், பள்ளிக்கூட வாசலும், ஆஸ்பத்திரி வரிசையும் கண்ணெதிரே இருக்கின்றனவே!

எழுதி முடித்ததும் உடனே உறையில் போட்டு ஒட்டிவிடாதீர்கள். மாமியாரிடமோ மகளிடமோ ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். 'நிஜமாவா? அப்படியா நடந்துச்சு?' என்று அவர்கள் கேட்கும் இடத்தில் உங்களுக்கே நாக்குத் தடுமாறினால், அந்த வரியை அடித்துவிடுங்கள். மீதியை எங்களுக்கு அனுப்புங்கள்.

- பொறுப்பாசிரியர்