ஜிப்சி சென்சாரா, பலேனோ சென்சாரா?

வில்லியனூரில் என் பழைய மாணவன் ஒருவன் ஜிப்சியில் பழைய பலேனோ என்ஜினை அதன் ஈ.சி.யு.வோடு ஏற்றியிருக்கிறான். ஆக்சிஜன் சென்சார் கெட்டதும், கடையில் ஜிப்சிக்கு என்று கேட்டு வாங்கினான். பிளக் சேரவில்லை, ஒயரை வெட்டி முறுக்கி மாட்டிவிட்டார்கள். செக் என்ஜின் விளக்கு அணையவில்லை, பெட்ரோல் தண்ணீராய்ப் போகிறது.

மரை ஏறியதே சார் என்கிறான். பெரும்பாலான சென்சாருக்கும் 18 மி.மீ. மரைதானப்பா! ஒயர் ஒன்றா நான்கா, உள்ளே ஹீட்டர் உண்டா, 0.1 முதல் 0.9 வோல்ட் வரை காட்டும் சாதா வகையா, வைட்பேண்டா என்பதெல்லாம் ஈ.சி.யு. எதிர்பார்ப்பதைப் பொறுத்தது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வண்டிப் பெயருக்கு இதில் வேலையே இல்லை. கழற்றிய சென்சாரின் பார்ட் நம்பரைப் பார்த்து, என்ஜின் எந்த வண்டியுடையதோ அதற்கானதைப் பிளக்கோடு வாங்குங்கள். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போனால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும். அதன் விலையை விசாரித்துவிட்டு வந்துதான் அவன் என்னிடம் புலம்பினான்.