பழி சுமந்த வெள்ளரிக்காய்: மரபணு ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

2011ஆம் ஆண்டு மே மாதம் வட ஜெர்மனியின் மருத்துவமனைகள் திடீரென நிரம்பின. கடும் வயிற்று வலியும் இரத்தத்துடன் வயிற்றுப்போக்கும் கண்டு வந்தவர்களில் பலருக்குச் சில நாள்களில் சிறுநீரகம் செயலிழந்தது. ஏறத்தாழ 3,800 பேர் பாதிக்கப்பட்டனர். 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

காரணம் ஈ.கோலை கிருமி. அதில் பெரும்பாலான வகைகள் மனிதக் குடலில் தீங்கின்றி வாழ்பவை. சிறுநீரகத்தைத் தாக்கும் அரிய வகைகள் பொதுவாகக் குழந்தைகளையே வாட்டும். இம்முறையோ பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள், அதிலும் பெண்கள்.

ஹம்பர்க் மருத்துவமனை தந்த மாதிரியைக் கொண்டு, சீனாவின் ஷென்சென் நகர ஆய்வுக்கூடம் மூன்றே நாளில் கிருமியின் மரபணுவை வாசித்து, ஜூன் தொடக்கத்தில் அதைப் பொதுவில் வெளியிட்டது. பல நாட்டு விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்தனர். குடல் சுவரில் அடைபோல் ஒட்டிக்கொள்ளும் வகை ஒன்று, வைரஸ் வழியாக ஷிகா எனும் கொடிய நச்சின் மரபணுவையும் பெற்றிருந்தது தெரியவந்தது.

கிருமி எது என்று சொன்ன மரபணு, அது எந்த உணவில் வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் மே 26ஆம் தேதியே ஹம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது பழியைப் போட்டுவிட்டனர். அந்தக் காய்களில் ஈ.கோலை இருந்தது உண்மைதான். நோயாளிகளிடம் கண்ட வகை அதுவல்ல என்பது சில நாள்களில் தெரிந்தது. அதற்குள் வாங்க ஆளின்றி விளைச்சல் குப்பைக்குப் போனது. ஐரோப்பியக் காய்கறி விவசாயிகளுக்கு 20 கோடி யூரோவுக்கும் மேல் உதவி ஒதுக்க நேர்ந்தது.

உண்மையை நெருங்க உதவியவை உணவகச் சமையல் குறிப்புகளும் வியாபாரிகளின் பில்களும்தான். யார் எதைச் சாப்பிட்டார் என்ற விசாரணை, லோவர் சாக்சனி மாநிலத்து முளைப்பயிர்ப் பண்ணை ஒன்றில் போய் நின்றது. ஜூனில் பிரான்சின் போர்டோ அருகே அதே வகைக் கிருமி தலைகாட்டியது, அங்கும் முளைப்பயிர்தான். இரண்டு இடங்களுக்கும் பொதுவாக இருந்தது எகிப்திலிருந்து வந்த வெந்தயம். நோய்க்கு மூலம் பெரும்பாலும் அதுவே என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஜூலையில் அறிவித்தது.

ஆய்வுக்கூடமும் பில் புத்தகமும் ஒத்துப்போகும்வரை பழி சொல்லாமல் காத்திருப்பதே நியாயம். அவசரத்தின் விலையைக் கொடுத்தவர்கள் குற்றமற்ற விவசாயிகள்.

வீட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. விதை முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமி பெருகவும் ஏற்றவை. முளைகட்டிய வெந்தயமோ பயறோ, நன்கு வேகவைத்து உண்பதே பாதுகாப்பு.