வாடகை யந்திரமா, சொந்த யந்திரமா?

கும்மிடிப்பூண்டி ஸிப்காட் பேட்டையில் இரும்பு உருக்கும் தொழிலதிபர் ஒருவரிடம், உலை சொந்தமா வாடகையா என்று கேட்டால் அவர் நகைப்பார். ஆனால் அதே ஆலையின் கணக்குகளும் வரைபடங்களும் வாடிக்கைக்காரர் விவரங்களும் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், ‘கிளவுடில்’ என்பார். கிளவுட் என்றால் மேகம். ஆயின் அது வானத்து மேகமன்று. பிறர் கட்டிடத்தில், பிறர் யந்திரத்தில், மாத வாடகைக்குப் பெற்ற இடமே அது. அத்தகைய பிரம்மாண்டமான டேட்டா ஸென்டர்கள் அருகேயுள்ள அம்பத்தூரிலேயே எழுந்திருக்கின்றன. இவ்வாடகை லாபமா, நஷ்டமா என்பதைத் திருவள்ளூர் ஜில்லாத் தொழிலதிபர்கள் நிதானமாகச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

வாடகையின் பக்கத்திலும் நியாயம் உண்டு. 2006-ல் அமெஸான் கம்பெனி கம்ப்யூட்டர் சக்தியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது முதல், கைமுதல் இல்லாதவருக்கும் பெரிய யந்திரம் கிட்டிற்று. சொந்த யந்திரத்துக்கோ குளிர்சாதனம், பாட்டரி, பராமரிக்க ஆள் எல்லாம் வேண்டும். 2023 டிஸம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்தது. கணக்கு முழுவதையும் தரைத்தளத்திலுள்ள ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருப்பது எத்தகைய அபாயம் என்பதை அவ்வெள்ளம் காட்டிற்று.

இனிக் கணக்குக்கு வருவோம். உதாரணமாக, ஒரு ஸர்வரின் விலை 6 லட்சம் ரூபாய், ஆயுள் ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 10,000 ஆகிறது. மின்சாரமும் பராமரிப்பும் 15,000 என்றால், மொத்தம் 25,000. அதே சக்தியை இரவு பகலாக வாடகைக்கு எடுத்தால் மாதம் 40,000 என்று கொள்வோம். தினம் எட்டு மணி நேரம் மட்டும் தேவைப்படுகிறவருக்கு வாடகை 13,333 ரூபாய்தான். அவர் சொந்தமாக வாங்குவது வீண். தினம் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டினால் வாடகையே வீண். உலையை நாள் முழுவதும் கண்காணிக்கும் வேலை ஒரு வகை. வருஷத்தில் சில நாட்கள் அச்சு வடிவமைக்கச் செய்யும் கணக்கு வேறு வகை. இரண்டுக்கும் ஒரே வழி பொருந்தாது. வாடகை யந்திரங்களை விட்டுச் சொந்த யந்திரங்களுக்கு மாறிய அமெரிக்க டிராப்பாக்ஸ் கம்பெனி, 2016, 2017 ஆகிய இரண்டு வருஷங்களில் சுமார் 7.5 கோடி டாலர் செலவைக் குறைத்தது.

ஆனால் விஷயம் பணத்தோடு முடியவில்லை. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது முதலில் ஓட்டியது வாடகைக் கப்பல்களையே. வெள்ளையர் கம்பெனியின் நிர்ப்பந்தத்தால் கப்பல் கொடுத்தவர்கள் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். அதன் பிறகே காலியா, லாவோ என்னும் கப்பல்கள் சொந்தமாக வாங்கப்பட்டன. வாடகைக்கு விட்டவன் மனம் மாறினால் தொழில் நின்றுவிடும் என்பதைத் தூத்துக்குடி அன்றே கண்டது.

இது பழங்கதை அன்று. 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் தடை விதித்ததும், குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா கம்பெனிக்குத் தன் ஸேவைகளை மைக்ரோஸாப்ட் நிறுத்தியது. கட்டணம் முழுவதும் செலுத்தியிருப்பதாகக் கூறி நயாரா டில்லி ஹைகோர்ட்டை நாடிற்று. சில தினங்களில் ஸேவை திரும்பியது. ஒரு பெரிய கம்பெனிக்கே இக்கதி என்றால், கும்மிடிப்பூண்டியின் சிறு பட்டறைக்காரர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்? கம்பெனிக் கணக்கின் பிரதி நாள்தோறும் இந்தியாவிலுள்ள ஸர்வரில் இருக்க வேண்டும் என்று சர்க்கார் 2022-ல் விதித்தது. அவ்விதி யந்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறது. அது யாருடையது என்று கேட்கவில்லை.

ஆகவே நாம் கூறுவது இதுதான். இடையிடையே வரும் வேலைக்கு வாடகை யந்திரம் போதும். கணக்கு, வரைபடம் போன்ற தொழிலின் உயிர்நிலை சொந்த யந்திரத்தில் இருக்கட்டும். அதன் பிரதி வேறோர் ஊரிலும் இருக்கட்டும். தனியாக வாங்க இயலாதவர்கள் கூடி வாங்கலாம். இதற்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. மின்சாரத்தில், உபயோகிப்பவர்கள் குறைந்தது 26 சதவீத உரிமை பெற்று, உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது தாமே செலவிட்டால் அது சொந்த உற்பத்தி என்று சட்டம் ஏற்கிறது. தமிழ்நாட்டு ஆலைகள் காற்றாலைகளில் இவ்வாறு பங்கு கொண்டிருக்கின்றன. காற்றாலையில் கூடியவர்கள் கம்ப்யூட்டரில் ஏன் கூடலாகாது? பேட்டைகளின் தொழிலதிபர் சங்கங்கள் இதை உடனே ஆலோசிக்க வேண்டும்.

வாடகைக்கு எடுப்பது குற்றமன்று. வெளியேறும் வழி தெரியாமல் குடிபுகுவதே குற்றம்.