அட்டையை நம்பாதீர்கள்

டெல்லி அடுக்கு மாடியில் வடக்குப் பார்த்த அறை. ஊரிலிருந்து வந்து நிரந்தரமாகத் தங்கப்போகும் மாமியாருக்காகப் பெயின்ட் அடிக்க வேண்டும். கணவர் வெளிர் நீலம் என்கிறார். மனைவி சந்தனம் என்கிறார். கடைக்காரர் தந்த ஷேடு கார்டில் இரண்டுமே அழகு. சிக்கலே அங்குதான்.

டெல்லியில் உச்சி வெயில் ஆண்டு முழுவதும் தெற்குப் பக்கம்தான். வடக்கு ஜன்னலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வானத்தின் நீலச் சாயல் படிந்த வெளிச்சம். அதில் வெளிர் நீலம் சாம்பல் பூத்துப்போகும். சந்தனம் கொஞ்சம் வெதுவெதுப்பு தரும். அதே நீலம் மேற்கு வெயில் அடிக்கும் அறையில் கண்ணுக்குக் குளிர்ச்சி.

இரவில் கணக்கு மாறும். 6,500 கெல்வின் வெள்ளை பல்பில் நீலம் எடுப்பாகத் தெரியும். 3,000 கெல்வின் மஞ்சள் பல்பில் மங்கிவிடும். சந்தனமோ இன்னும் மஞ்சளாகும்.

எனவே இரண்டிலும் சின்ன டப்பா வாங்குங்கள். எதிரெதிர்ச் சுவர்களில், இரண்டடிச் சதுரமாக, இரண்டு கோட் அடியுங்கள். காய்ந்த பிறகு காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். நான்கு சுவரிலும் அடித்தால் நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும். சந்தேகமென்றால் ஒரு படி வெளிரானதே நல்லது. கலந்து வாங்கிய பெயின்ட்டைக் கடையில் திருப்பித் தருவது கடினம்.

இன்னொன்று. வயதாகும்போது கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. வெளிர் நீலத்தையும் சாம்பலையும் பிரித்தறிவது கடினமாகிறது. அந்தச் சதுரங்களை முதலில் மாமியாரிடம் காட்டுங்கள். தினமும் அந்தச் சுவரில் கண் விழிக்கப்போவது அவர்தானே!