தாய்வழி வந்த மூட்டுவலி



என்னிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் அண்மையில் நொண்டியபடி வந்தார். இருபது வயதுகூட நிரம்பவில்லை. கால் பெருவிரல் சிவந்து வீங்கியிருந்தது. சிறுநீரகக் கல்லும் இரு முறை வந்திருக்கிறது. "இறைச்சியைக் குறை என்று அன்றாடம் ஏச்சு, ஹஜ்ரத்" என்றார். அவருடைய தாய்மாமனும் இளமையிலேயே இவ்வாறு துன்புற்றவர் என்று கேட்ட பிறகே, மருத்துவர் உணவைப் பற்றிய பேச்சை விட்டுப் பரம்பரையை ஆராயத் தொடங்கினாராம்.

'கவுட்' எனப்படும் இவ்வாதம் பெரும்பாலும் நடுவயது ஆண்களைத் தாக்குவது. இளைஞரிடம் கண்டால் வேறு காரணம் தேட வேண்டும். உயிரணுக்கள் சிதையும்போது வெளிப்படும் பியூரின் என்னும் பொருளை உடல் வீணாக்குவதில்லை. ஒரு நொதி அதனை மீட்டுத் தருகிறது. எச்.பி.ஆர்.டி. என்பது அதன் சுருக்கப்பெயர். அந்நொதி குறைந்தால் பியூரின் யூரிக் அமிலமாக மாறி, மூட்டில் படிகமாகவும் சிறுநீரகத்தில் கல்லாகவும் படிகிறது. இளமைக் கவுட் நோயாளர் சிலரிடம் இக்குறையை 1967-இல் கெல்லி, சீக்மில்லர் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நொதி அறவே இல்லாத குழந்தைகளின் நிலையோ மிகக் கொடிது. தம் உதட்டையும் விரலையும் தாமே கடித்துக்கொள்வர். அந்நோயை 1964-இல் லெஷ், நைஹன் என்போர் விவரித்தனர்.

இக்குறை எக்ஸ் குரோமோசோம் வழியே வருகிறது. அதைச் சுமக்கும் தாய்க்குப் பெரும்பாலும் நோயே இராது. அவள் ஈன்றெடுக்கும் ஒவ்வோர் ஆண்மகவுக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்புண்டு. மகள்களும் அவ்வாறே அதைச் சுமப்பவராகலாம். சொந்தத்தில் மணமுடித்ததால் வந்த வினை என்று அவ்வீட்டார் பேசிக்கொண்டது இந்நோய்க்குப் பொருந்தாது. அந்த உம்மா எத்தனை இரவுகள் அழுதாரோ! தாம் அறியாமல் சுமந்ததற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

அலோபியூரினால் என்னும் மருந்து யூரிக் அமிலத்தைக் குறைக்கும். அதனை உருவாக்கிய எலியன் அம்மையாரும் ஹிட்சிங்ஸும் 1988-இல் நோபல் பரிசில் பங்குபெற்றனர். எனினும் அளவு மிகுந்தால் இந்நோயாளருக்கு வேறுவகைக் கல் தோன்றக்கூடும்; ஆகவே மருத்துவர் கண்காணிப்பு தேவை. தண்ணீரும் நிறையப் பருக வேண்டும். தோலில் தடிப்பு கண்டால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

விடைபெறும்போது அம்மாணவர் தயங்கினார். "ராத்தாவின் கைக்குழந்தை சிறுநீர் கழித்த துணியில் ஆரஞ்சு நிற மணல் போல் ஏதோ படிகிறது" என்றார். யூரிக் அமிலப் படிகமும் அவ்வாறு தோன்றலாம். மறுநாளே பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுசெல்லச் சொன்னேன். தாய்மாமனின் பழைய மருத்துவச் சீட்டுகளையும் தேடி எடுத்துச் செல்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.