கால் இழந்தோருக்குச் சைக்கிள்

அங்கத்தினர் ஒருவரின் தறி பழுதுற்றால் சங்கம் கடன் கொடுக்கிறது. அவரது காலே போய்விட்டாலோ, பொதுநல நிதியிலிருந்து ஒரு தொகையை அளித்து, ஆறுதல் மொழி கூறி, அத்துடன் கடமை முடிந்ததெனப் பல சங்கங்கள் இருந்துவிடுகின்றன. இது போதாதென்பது நமது கருத்து.

விபத்தினால் மட்டுமன்றி, நீரிழிவு நோயில் ஆறாத புண்ணாலும் கால் துண்டிக்கப்படுவதை இன்று எங்கும் காண்கிறோம். செயற்கைக் கால் கிடைத்தவுடன் எல்லாம் சீர்படும் என்று வீட்டார் நம்புகின்றனர். ஆனால் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த உடம்பில் தசையும் மூச்சும் தளர்ந்திருக்கும். செயற்கைக் காலுடன் நடப்பதற்கு முன்னிலும் அதிக உழைப்பு வேண்டும். முழங்காலுக்கு மேல் இழந்தவருக்கு அது இன்னும் மிகும். அதனால் அவர் நடக்கத் தயங்குகிறார். நடவாமையால் மேலும் தளர்கிறார். எடை கூடிவிட்டால், எஞ்சிய கால்முனை செயற்கைக் காலின் கூட்டில் சரிவரப் பொருந்துவதுமில்லை.

இச்சுழலை அறுக்கச் சைக்கிள் பெரிதும் உதவும். சைக்கிளில் உடற்பாரத்தை இருக்கை தாங்குகிறது. கால்முனை நசுங்காமலே இதயமும் நுரையீரலும் உழைக்கின்றன. குழித்தறி நெசவாளருக்கு இதில் மற்றொரு நன்மையும் உண்டு. முழங்காலுக்குக் கீழ் இழந்தவர் பெடலை மிதித்துத் தொடையையும் முழங்காலையும் வலுப்படுத்திக்கொண்டால், தறியின் மிதிக்குத் திரும்புவது அவருக்கு எட்டாத காரியமாக இராது.

இதற்கு விலையுயர்ந்த வண்டி வேண்டுமென்பதில்லை. சைக்கிளில் சிறு மாற்றங்களே பலருக்குப் போதும். செயற்கைக் காலின் பக்கம் கிராங்கின் நீளத்தைக் குறைத்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்காது. கூட்டின் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை வெட்டாது. பாதத்தின் நுனியைவிட அதன் நடுப்பகுதியைப் பெடலில் பதிப்பது பலருக்கு உறுதி தரும். பாதம் நழுவாமலிருக்க வார் கட்டலாம். விழ நேர்ந்தால் உடனே கழன்று வரும்படி அது தளர்ந்திருக்க வேண்டும். ஒரு கை இழந்தவருக்கு இரு பிரேக்குகளையும் ஒரே பிடியில் இணைக்கலாம். நிதானம் பிடிபடாதவருக்கு மூன்று சக்கர வண்டி. இரு கால்களும் இல்லாதவருக்குக் கையால் சுழற்றும் வண்டி. எனினும் புண் முற்றும் ஆறி, மருத்துவர் இசைந்த பின்னரே தொடங்குதல் வேண்டும். முதலில் நிலையாக நிற்கும் சைக்கிளில் சில நிமிடங்கள் மிதித்துப் பார்ப்பது நலம். ஒவ்வொரு நாளும் கால்முனையின் தோலைப் பார்க்க வேண்டும்; சிவப்பு மறையாதிருந்தால் ஓய்வு கொடுக்க வேண்டும்.

செயற்கைக் கால் என்றதும் ஜெய்ப்பூர் நினைவுக்கு வருகிறது. 1968-இல் அங்கு உருவான ரப்பர்ப் பாதம், செருப்பின்றி வயலில் நடக்கவும் தரையில் குந்தி உட்காரவும் ஏற்றது. அதை உருவாக்கிய இருவரில் மருத்துவர் பி. கே. சேதி 1981-இல் மகசேசே விருது பெற்றார். மற்றவர் ராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞர். அவர் பெயரைப் பலர் அறியார். கைத்தொழில் செய்யும் நம்மவராவது அறிந்திருப்பது தகும்.

இத்தாலியக் கார்ப் பந்தய வீரர் அலெக்ஸ் சனார்டி, 2001-இல் ஜெர்மனியில் நேர்ந்த விபத்தில் இரு கால்களையும் இழந்தார். பின்னர் கைச்சைக்கிள் பழகி, 2012-இல் லண்டன் பாராலிம்பிக் போட்டியில் இரு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். 2016-இல் ரியோவிலும் அவ்வாறே. நம் அங்கத்தினர் பதக்கம் வெல்ல வேண்டியதில்லை. நூலை வாங்கித் துணியைச் சேர்ப்பிக்கவும், வயலைப் பார்த்துவரவும் பிறர் துணையின்றிச் சென்றால் போதும்.

மோட்டார் வண்டி கொடுத்துவிட்டால் ஆகாதா எனச் சிலர் கேட்கலாம். தொலைவு செல்ல அது வேண்டியதே. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அதில் அமர்ந்தவரின் உடம்பு உழைப்பதில்லை. கால் இழந்தவருக்கு வண்டியும் வேண்டும், வலுவும் வேண்டும்.

ஆதலின், இவ்வாறு மாற்றியமைத்த சைக்கிளையும் தறி, பம்பு செட்டு ஆகியவற்றைப் போல் தொழிற்கருவியாகவே கருதிக் கடன் வழங்க வேண்டுமென்கிறோம். கிராங்க் மாற்றும் செலவையேனும் பொதுநல நிதி ஏற்கலாம். உள்ளூர்ச் சைக்கிள் கடைக்காரரையும் செயற்கைக் கால் பொருத்துபவரையும் ஒருநாள் சங்கக் கட்டடத்தில் சந்திக்கச் செய்தால் பாதி வேலை முடிந்துவிடும். துணைவிதிகள் இடம் தராவிடில், திருத்தம் கொண்டுவர மகாசபைக்கு அதிகாரம் உண்டு. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.